அருள்பாண்டியின் கவசம்

என் ஜீப்பில் புதிதாக ஏறுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள் என்பதுதான். முந்தலில் இருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. பழகாத வயிறு ஒன்பதாவது வளைவிலேயே புரட்ட ஆரம்பித்துவிடும். பதினோரு வருடமாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறேன், சார். என் வண்டியில் வந்த யாருக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுருளி பொறுப்பானவன் என்று போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அருள்பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கேமில் இருந்துதான் தொடங்க வேண்டும். அவனும் அப்போது ஜீப்தான் ஓட்டினான். காலை எட்டு மணிக்குப் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டால், சாயங்காலம் நாலு வரை டிரைவருக்குச் சோலி கிடையாது. சிலர் தூங்குவார்கள், சிலர் சீட்டாடுவார்கள். நாங்கள் இருவரும் சிக்னல் கிடைக்கிற மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு 'இரும்புக்காடு' ஆடுவோம். நாலு பேர் கொண்ட அணி, எதிரில் நாலு பேர். அவனுக்கு அந்தக் கேமில் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததே நான்தான். பாஸ்வேர்டாக அவன் ஜீப் நம்பரைப் போட்டேன். சுடுவதற்கும் பதுங்குவதற்கும் விரல் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன்.

முதல் வருடம் எல்லாருக்கும் எல்லாம் ஒன்றுதான். திறமை உள்ளவன் ஜெயித்தான். நான் ஜெயித்தேன். தேனி மாவட்டப் பட்டியலில் நாலு மாதம் என் பெயர் முதலில் இருந்தது. பிறகு கம்பெனிக்காரர்கள் விற்க ஆரம்பித்தார்கள். முதலில் சட்டை, தொப்பி மாதிரி அலங்காரம் மட்டும்தான், அதனால் யாரும் கோபப்படவில்லை. அடுத்து கவசம் வந்தது. மூன்று குண்டில் விழுகிறவன் கவசம் போட்டால் ஏழு குண்டுக்கு நிற்பான். அதற்கடுத்து, எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று மேலே பறந்து காட்டும் பருந்து. மூன்று மாதத்துக்கு ஒரு சீசன். சீசன் முடிந்தால் பழைய கவசம் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். கேமை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஜெயிப்பதை விலைக்கு வைத்தார்கள், சார். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் கம்பெனிக்குத் தமிழில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கூடவே, கவசம் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பனும் வந்தது.

அருள்பாண்டியும் என்னோடு சேர்ந்து திட்டினான்.

"கொள்ளக்காரப் பயலுக மாப்ளே. பத்துப் பைசா குடுக்கக் கூடாது இவனுகளுக்கு."

அந்த வருடம் ஏலக்காய் விலை ஏறியது. அவனுடைய அப்பாவுக்கு மலையில் நாலு ஏக்கர். ஜீப்பை விற்றுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் போனான், புது பைக் வாங்கினான். கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே கவசமும் வாங்கினான்.

நானும் ஒரு முறை வாங்கினேன், மறைக்கவில்லை. கவசத்தை நேராக விற்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியாக விற்ற சமயம் அது. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று திறந்த பிறகுதான் தெரியும். பிரேக் லைனிங் மாற்ற வைத்திருந்த பணத்தில் ஆறு பெட்டி வாங்கினேன். லைனிங்கை ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் ஜீப் பானெட்டில் உட்கார்ந்து இருவரும் திறந்தோம். எனக்கு ஐந்து தொப்பி வந்தது. ஆறாவதில் ஒரு ஆட்டம். ஜெயித்ததும் நம் வீரன் இடுப்பை ஆட்டுவான், அவ்வளவுதான். அவன் ஒரே ஒரு பெட்டி வாங்கினான். திறந்தான். பொன்னிறக் கவசம். லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் என்பார்கள்.

அவன் என் தோளைக் கட்டிக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குப் பொறாமை இல்லை. அன்று இரண்டு வேளை சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு பட்டியலில் அவன் மேலே போனான், நான் இறங்கினேன். மறைவில் நின்று சுட வேண்டிய இடத்தில் திறந்த வெளியில் மாடு மாதிரி நடந்து போவான். குண்டு படும், ஒன்றும் ஆகாது. நான் கற்றுக்கொடுத்த எதையும் செய்ய வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லாமல் போய்விட்டது.

மாசி மாதம் மதுரையில் போட்டி அறிவித்தார்கள். எங்கள் அணியில் மூன்றாவது ஆள் பால்பாண்டி, போடியில் செல்போன் கடை வைத்திருப்பவன். அவன்தான் என்னிடம் வந்து சொன்னான்.

"சுருளிண்ணே, கோவிச்சுக்காதீங்க. கவசம் இல்லாம வந்தீங்கன்னா மொத ரவுண்டுலயே அவுட்டாயிருவோம். ஒங்களுக்குப் பதிலா வேற ஆளப் போடலாம்னு இருக்கோம்."

பக்கத்தில் அருள்பாண்டி நின்றான்.

"ஏய், அதெல்லாம் வேண்டாம். மாப்ளே இல்லாம டீமா? கவசத்த நான் வாங்கித் தர்றேன்டா. ஒனக்கு என்ன கலர் வேணும், சொல்லு."

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் உற்றுப் பார்த்தேன், தேடிப் பார்த்தேன், அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே ஒரு அறை விட்டுவிட்டு விஷயத்தை முடித்திருப்பேன். இனி அவன் வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு, அவன் பின்னால் நடந்து, அவனைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். பச்சை என்று சொன்னேன். அவன் அப்போதே வாங்கி அனுப்பினான். நான் அதைப் போடவே இல்லை.

பிப்ரவரி இருபத்தி நாலாம் தேதி காலை. மெட்டைத் தாண்டி, பூப்பாறை ரோட்டில் இருந்து தோட்டத்துக்குப் பிரிகிற மண்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். வண்டியில் பதினோரு பெண்கள். நல்ல பனி. இரண்டாவது திருப்பத்தில் ஏலச்செடிக்குள் ஒற்றைக் கொம்பன் நின்றது. பாதையில் இருந்து இருபது அடிகூட இருக்காது. போன வருடம் இரண்டு பேரை மிதித்த யானை அது. நான் என்ஜினை அணைத்தேன். எல்லாரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னேன். கால்மணி நேரம் கழித்து அது செடிக்குள் நாலு எட்டுப் பின்னால் போனது. மெதுவாகத் தாண்டி, எல்லாரையும் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினேன்.

முன் சீட்டில் வந்த கருப்பம்மாள் இறங்கும்போது கேட்டது. "எப்பா, பின்னால வர்ற வண்டிகளுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் ஆத்தா."

டிரைவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யானையைப் பார்த்தவர் உடனே அதில் போட வேண்டும். தோட்டத்துக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் மலை ஏறுவார்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வந்து எழுதினேன். இடம், நேரம், ஒற்றைக் கொம்பன் என்று எல்லாம் எழுதிவிட்டு அனுப்பப் போகும்போது போன் அடித்தது. அருள்பாண்டி. பைக்கில் தன் தோட்டத்துக்கு வருகிற வழியில் போடிமெட்டு டீக்கடையில் இருந்து பேசினான். அவனுக்கும் அதே மண்பாதைதான்.

"மாப்ளே, ஒரே பனியா இருக்கு. குரூப்புல ஒண்ணையும் காணோம். ஆன கீன நிக்குதாடா?"

நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். மதுரைப் போட்டிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று யோசித்தேன்.

"ஒண்ணுமில்ல. ரோடு சுத்தமா இருக்கு. வெரசா வா."

"வெரசா வர்றேன். வந்ததும் ரெண்டு ஆட்டம் போடுவோம்."

யானை அங்கேயே நின்றிருக்கும் என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்? போயிருக்கலாம். அவன் ராசிக்காரன், பெட்டியைத் திறந்தால் பொன்தான் வரும். அன்றைக்கு மட்டும் வரவில்லை. எழுதி வைத்திருந்ததை நாற்பது நிமிடம் கழித்து அனுப்பினேன். அதற்குள் கீழே இருந்து பிளிறல் கேட்டுவிட்டது.

பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். அவன் தங்கச்சி வித்யா, தேனியில் நர்சிங் படிக்கிறது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"அண்ணே, ஒங்ககிட்டப் பேசிட்டுத்தான வந்துச்சு? கடைசியா என்னண்ணே சொன்னுச்சு?"

"வெரசா வர்றேன்னு சொன்னான் தாயி."

அது உண்மைதானே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தோட்டத்து மேட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கேமைத் திறந்து அவன் கணக்கில் அந்தப் பழைய ஜீப் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பாஸ்வேர்டை அவன் மாற்றியிருக்கவில்லை. பொன்னிறக் கவசம் அப்படியே இருந்தது, பருந்தும் இருந்தது. மூன்று மாதத்துக்குக் காசு கட்டிய பொருள் வீணாகப் போவதில் யாருக்கு என்ன லாபம்? ஆடினேன். சார், அந்தக் கவசத்தை ஆடத் தெரிந்தவன் போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அருள்பாண்டி பட்டியலில் ஏழாவது இடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தான். நாலே நாளில் நான் இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

வித்யாவும் எப்போதாவது அந்தக் கேம் ஆடும் என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதை அது பார்த்திருக்கிறது. கேமுக்குள்ளேயே ஒரு செய்தி வந்தது.

"அண்ணே? நீயா?"

கடைசிச் சுற்று, எதிரணியில் இன்னும் ஒருத்தன் மிச்சம். கையை எடுத்தால் எல்லாம் போச்சு. அவசரத்தில் பதில் போட்டேன்.

"இரு, ஆட்டத்துல இருக்கேன்."

அதைப் பார்த்து அந்தப் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டதாக நீங்கள்தான் சொன்னீர்கள். எழுந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை. அந்தக் கணக்கு ஓடுவது என் போனில்தான் என்று கண்டுபிடித்து நீங்கள் என் போனை வாங்கிப் பார்த்தீர்கள், அவன் எனக்குப் பேசிய நேரத்தையும் நான் குழுவில் போட்ட நேரத்தையும் பார்த்தீர்கள், கருப்பம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். எல்லாம் சரிதான். யானை நிற்பது தெரிந்தே அவனை வரச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன்.

பொறாமையில் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். வித்யாவிடம் ஒன்று சொல்லுங்கள், சார். சீசன் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது, அதுவரை அந்தக் கணக்கை அழித்துவிட வேண்டாம். நீங்கள் என்னைக் கூட்டிவந்த அன்று காலையில்தான் அது முதல் இடத்துக்கு வந்தது. மாவட்டம் முழுக்க அதன் அண்ணன் பெயரைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருந்திருந்தால் அவனால் அது முடிந்திருக்காது.