புளிச்ச மாவா, புது மாவா

ஓடிக்கினு இருக்கேன். கையில கொத்தமல்லிக் கட்டு. இடது கால் செருப்பு காய்கறி வண்டிகிட்டயே அறுந்து போச்சி. எடுக்கல. புதன்கிழமை. வெய்யில் நல்லா ஏறிட்டிருந்துச்சி. லோக்கல் ரயில் போற சத்தம். அது அடங்கறதுக்குள்ள இன்னொரு சத்தம். டமார். ஷட்டர் மேல கல்லு. எங்க கடை ஷட்டர்தான். தினம் காலையில தூக்கி ராத்திரி இறக்கறேன், அந்த சத்தம் எனக்குத் தெரியாதா?

கடை வாசல்ல அவரு உக்காந்திருக்காரு. பிளாஸ்டிக் நாற்காலில. தனியா.

மறுபடி டமார். அப்புறம் பைக்குங்க நிக்கற சத்தம். அணைக்காம உறுமவிட்டு நிக்கறானுங்க. அதுக்கு மேல ஒரே கத்தல். "மராட்டீத் போல்! மராட்டீத் போல்!" மராட்டியில பேசுன்னு அர்த்தம். யாரைப் பாத்து கத்தறானுங்கன்னு எனக்குப் புரிஞ்சி போச்சி. தெரு முனையில இருந்தே கத்தறேன்.

"ஏங்க! பேசாதீங்க! வாயத் தொறக்காதீங்க!"

தமிழ்லதான் கத்துனேன். பயத்துல வேற எந்த பாஷை வரும்?

அவருன்னா என் வீட்டுக்காரரு. பேரு தனபால். என் மாமனாரு ஆம்பூர் பக்கத்துல இருந்து இந்த மராட்டி ஊரு கட்கிக்கு வந்து குண்டு ஃபேக்டரியில சேந்தாரு. இவரு பொறந்தது இங்க. வேலையும் அதே ஃபேக்டரிதான். கார்கில் சண்டை நடந்தப்ப வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவாரு. சட்டையெல்லாம் மருந்து வாடை. அந்த சண்டை முடியற வரைக்கும் நான் பயந்துக்கினே இருந்தேன். உடம்புல ஒரு கீறல் விழல. நாட்டுக்குக் குண்டு செஞ்சவருக்கு அடி விழுந்தது, சண்டை இல்லாத ஒரு புதன்கிழமை, சொந்தக் கடை வாசல்ல.

ரிட்டயர் ஆனப்புறம் மாவுக்கடை போட்டோம். இட்லி மாவு, தோசை மாவு. போர்டு மேல பெருசா மராட்டி எழுத்து. சட்டம் என்னா சொல்லுதோ அந்த அளவு. கீழ சின்னதா தமிழ். அந்தத் தமிழை அவரே பெயின்ட் வாங்கி வந்து, ஸ்டூல் மேல நின்னு எழுதுனாரு. மராட்டியை மட்டும் ஆள் வெச்சி எழுதுனாரு. அது கோணலா இருந்தா மரியாதை இல்லன்னாரு. பாத்துக்கோங்க.

மராட்டி மேல அவ்ளோ கிறுக்கு அவருக்கு. வீட்டுக்குள்ள தமிழ், வாசப்படி தாண்டுனா ஊரு பாஷை. இதுதான் எங்க வீட்டு சட்டம். தெருவுல நான் தமிழ்ல கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டாரு. சென்னையில இருந்து வந்து மகர்பட்டா அடுக்குமாடியில குந்திக்கினு, பத்து வருஷமா 'தோடா தோடா'ன்னு அரைகுறை இந்தியில ஓட்டற ஐ.டி. பசங்கள நிக்க வெச்சி ஏசுவாரு. "இன்னாப்பா, இந்த ஊரு தண்ணிய குடிக்கிறே, இந்த ஊரு பேச்சு கசக்குதா?"ன்னு கேப்பாரு. மராட்டி, இந்தி, வேலைக்கு வேண்டிய இங்கிலீஷு, பக்கத்து லைன் வீட்டுக்காரங்களோட பேசிப் பேசி தெலுங்கு. எல்லாத்துக்கும் அடியில தமிழு. அஞ்சையும் மாத்தி மாத்தி பேசுவாரு, ஒண்ணு மேல ஒண்ணு மோதாது.

போன வருஷம் பக்கவாதம் அடிச்சிது. வலது கை போச்சி. பேச்சு மொத்தமா போச்சி. ரொம்ப நாள் கழிச்சி ஒரு காலையில "தண்ணி"ன்னாரு. நான் அழுதேன். அப்புறம் "வசந்தா"ன்னாரு. அது என் பேரு. அப்புறமும் ஒவ்வொண்ணா வந்துச்சி, எல்லாம் தமிழு. மத்த நாலும் திரும்பி வரவே இல்ல. மராட்டியில பேசுனா மூஞ்சியப் பாப்பாரு. புரியாது. புரியலயேன்னு கண்ணுல தண்ணி வரும்.

ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு இருந்துச்சி. பட அட்டை காட்டும். வாழப்பழப் படத்த காட்டுச்சி. இவரு "வாழப்பழம்"னாரு. தப்புன்னு குறிச்சிக்கிச்சி. ஆனை படம். "ஆனை"ன்னாரு. அதுவும் தப்பு. ஏம்மா, கரெக்டாத்தானே சொல்றாருன்னு கேட்டேன். "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் தெரியாது. அவரை இந்தியில இல்ல மராட்டியில சொல்லச் சொல்லுங்க"ன்னுச்சி. மெனக்கெட்டு படிச்சி பட்டம் வாங்குன பொண்ணு! வாய்விட்டு பேசுன மனுசனுக்கு முட்ட மார்க் போட்டு அனுப்புச்சி. எங்க மக மலரு மகர்பட்டாவுல இன்னா வேலை பாக்கறா தெரியுமா? கம்ப்யூட்டருக்கு எல்லா பாஷையும் கத்துக் குடுக்கற வேலை. கம்ப்யூட்டருக்கு சொல்லித் தர ஊரு முழுக்க ஆளு. எங்க வீட்டு மனுசனுக்கு ஒரு படத்த காட்டி தமிழ்ல கேக்க ஒரு நாதி இல்ல. த்தூ.

அதனாலதான் அந்த நாற்காலி. கடை வாசல்தான் எங்க ஆஸ்பத்திரி. மாவு வாங்க தமிழ்ப் பசங்க வருவாங்க. அவங்களோட பேச வெச்சா பேச்சு கூடும்னு உக்கார வெச்சேன். முதல்ல தலைய மட்டும் ஆட்டுனாரு. மழைக்காலம் முழுக்க முக்கி முக்கி ஒரு வாக்கியம் வந்துச்சி. "புளிச்ச மாவா, புது மாவா?" அவ்ளோதான். அதைக் கேட்டுட்டு ராஜா மாதிரி பாப்பாரு. பசங்களும் நல்ல பசங்க. வேணும்னே ரெண்டு தடவை கேக்க வெப்பானுங்க. காய்கறி வண்டிக்கார கமல் தாயி மராட்டிக்காரம்மா. அவங்க கூட எங்கிட்ட கேட்டு கத்துக்கினு, தினம் வந்து "சாப்ட்டாச்சா?"ம்பாங்க. "ஆச்சி"ம்பாரு. அந்த "ஆச்சி"க்காக அந்தம்மா வண்டிய விட்டுட்டு வரும்.

செவ்வாக்கிழமை ஒருத்தன் பைக்ல வந்து மராட்டியில வழி கேட்டான். ஸ்டேஷன் எங்கன்னு. இவருக்கு அந்த ஒரு சொல்லு எப்படியோ பிடிபட்டுச்சி. சந்தோசம். இடது கைய நீட்டி, "அப்படிப் போப்பா"ன்னு தமிழ்ல சொன்னாரு. சரியான வழிதான் காட்டுனாரு. உள்ள மாவு அரைச்சிக்கினே நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அவன் போவல. மறுபடி கேட்டான். மறுபடி தமிழு. உடனே போனை நீட்டிப் படம் புடிச்சிக்கினு போனான். வேடிக்கையா புடிக்கிறான்னு நெனச்சேன். ஸ்டேஷனுக்குப் போவ வேண்டியவனுக்கு வழி கெடைச்சிது. அது போதலயாம் அவனுக்கு.

புதன்கிழமை அவனோட மத்தவனுங்களும் வந்தானுங்க. அதுக்குத்தான் நான் ஓடிக்கினு இருக்கேன்.

கிட்ட போறேன். கூட்டம். எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. பால் கடைக்காரன். எதிர் வீட்டு மாடியில மூணு தலை. இவங்க புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபாரத்த மராட்டியில எழுதிக் குடுத்தவரு இவருதான். எல்லாரும் நிக்கறாங்க. கையில போனு. வாயி மட்டும் இல்ல. சோத்துல உப்புப் போட்டுத்தானே தின்னறீங்க? ஒருத்தன், ஒரே ஒருத்தன், "அவருக்கு உடம்பு சரியில்லடா"ன்னு சொல்லியிருந்தா போதும். மராட்டியிலயே சொல்லியிருக்கலாம். அவங்க சொந்த பாஷைதானே.

நான் கத்துனது அவரு காதுல விழுந்துச்சி. என்னைப் பாத்தாரு. வாய மூடிக்கினாரு. இறுக்கமா, பல்லைக் கடிச்சிக்கினு. செவ்வாக்கிழமை வந்தவன் இவரு காலர புடிச்சி "போல்! போல்!"ங்கறான். இவரு என்னையே பாக்கறாரு. வாயத் தொறக்கல. திமிர் புடிச்ச கிழவன்னு நெனச்சிட்டானுங்க. பளார்னு ஒரு அறை. நாற்காலி கால் உடைஞ்சிது. படீர்னு. அவரு சாஞ்சிட்டாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கல. போன் வெச்சிக்கினு இருந்தவன் சொல்றான், சரியா விழல, மறுபடி அடின்னு. படத்துல சரியா விழலயாம். தூக்கி உக்கார வெச்சானுங்க, உடைஞ்ச நாற்காலியில, ஒருத்தன் பின்னால முட்டுக் குடுத்து. தலைமுடிய ஒதுக்கி விட்டானுங்க. அப்புறம் ரெண்டாவது அறை. இதுதான் இவனுங்க வீரம். இதுதான் இவனுங்க பாஷைக்குச் செய்யற சேவை. கல்யாண வீட்டு போட்டோக்காரன் மாதிரி ஆளை நிமுத்தி வெச்சி அறையற வீரம்!

நான் போய் நடுவுல விழுந்தேன். கொத்தமல்லியோட. அப்பதான் எனக்கு மராட்டி திரும்பி வந்துச்சி. வந்தது சுத்தமா வந்துச்சி. இவருக்குப் பக்கவாதம், பேச்சு போயிடுச்சி, உங்கப்பன் வயசுன்னு சொன்னேன். முன்னால இருந்தவன் முழிக்கிறான். "முதல்லயே சொல்ல வேண்டியதுதானே"ங்கறான். நீ இன்னா வியாதின்னாடா கேட்ட? இன்னா பாஷைன்னுதானே கேட்டன்னேன். கமல் தாயி வந்து சேந்துச்சி. கையில கிடைச்ச முள்ளங்கியால ஒருத்தன் முதுகுல வெச்சுது. அவங்க வாயில இருந்து வந்த மராட்டிய எழுத முடியாது. கேக்க நல்லா இருந்துச்சி. எனக்குத் தெரிஞ்ச மராட்டி அதுதான். இவனுங்களுது இல்ல.

போறப்ப சும்மா போவல. போர்டு மேல கறுப்பு ஆயில வீசிட்டுப் போனானுங்க. குறியும் தெரியாத முட்டாப் பசங்க. மேல பெருசா இருந்த மராட்டி மேலதான் முக்காவாசி விழுந்துச்சி. வழிஞ்சிதான் தமிழுக்கு வந்துச்சி.

போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போனேன். மராட்டியிலதான் சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு அந்தாளு சொல்றான், "இந்த ஊருல இருக்கணும்னா மராட்டி கத்துக்கங்கம்மா." இப்ப நான் பேசிக்கினு இருக்கறது இன்னா பாஷைன்னு கேட்டேன். டீ குடிக்கப் போயிட்டான்.

சாயங்காலம் எங்காளுங்க தமிழ்ச் சங்கத்து செயலாளரு வந்தாரு. பொங்கல் விழாவுல மைக்கைக் கடிச்சித் துப்பற ஆளு. உயிர்ம்பாரு, மூச்சும்பாரு. செருப்பக் கூட கழட்டாம வாசல்லயே நின்னு, குரலைத் தாழ்த்தி, "போர்டுல தமிழ எடுத்துடுங்கம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், இஷ்யூ ஆக்க வேணாம்"னாரு. உயிர எடுத்துடச் சொல்றீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. ஒரு கிலோ மாவு வாங்கிக்கினு போனாரு. வெக்கம் கெட்ட ஜென்மம்.

ஊர்ல இருந்து என் அண்ணன் மவன் போன் பண்ணான். டிவியில போடறேன் அத்தை, பழிக்குப் பழி வாங்கறோம்னு குதிக்கறான். "நம்ம கடைக்கு ஒரு வடக்கத்தியான் வந்து இந்தியில பேசுனான். தமிழ்ல கேட்டாத்தான் சாமான்னு தொரத்தி விட்டேன்"னு பெருமையா சொல்றான். இவனுக்கும் அந்த பைக்குக்காரனுக்கும் ஒரே வாயி. போன வெச்சிட்டேன். அதுக்கப்புறம் அவன் நம்பர் வந்தா எடுக்கறதில்ல.

மலரு வந்தா. வளந்தது இங்க. தமிழ் அவளுக்குத் தட்டித் தடுமாறித்தான் வரும். படிக்கத் தெரியாது. அப்பா முன்னால உக்காந்து, "அப்பா, மாவு... மாவு கேளுங்கப்பா"ன்னா. அவரு பாத்துக்கினே இருந்தாரு. வாய் மூடினது மூடினபடி. பெரிய டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனா. தலைய ஸ்கேன் எடுத்தாங்க. புதுசா அடைப்பு ஒண்ணும் இல்லியாம். பேசலாம், ஆனா பேச மாட்டேங்கறாருன்னாரு டாக்டரு. பயம் போனா வரலாம், வராமயும் போலாம்னாரு.

கமல் தாயி மண்ணெண்ண போட்டு போர்டைத் துடைச்சிது. மராட்டி எழுத்து வந்துடுச்சி. அது நல்ல பெயின்ட்டு. அவரு கைப்பட எழுதின தமிழ் ஆயிலோடவே உரிஞ்சி வந்துடுச்சி. அந்தம்மா துணிய கையில வெச்சிக்கினு, தப்பு பண்ணிட்டேனே வசந்தான்னு அழுவுது. அழ வேண்டியவனுங்க யாரும் அழல.

புது நாற்காலி வாங்கிப் போட்டேன். அவரு வெளியில வரல. கடைக்குள்ள, கிரைண்டர் பக்கத்துல உக்காந்திருக்காரு. நேத்து கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன் வந்தான். "ஐயா, மாவு"ன்னு அவரையே பாத்து நின்னான். அவரு நிமிந்தாரு. உதடு அசைஞ்சிது. அப்புறம் என் பக்கம் திரும்பி என்னைப் பாத்தாரு. கேக்கற மாதிரி பாத்தாரு. "பேசுங்க! இப்ப பேசலாம்! யாரும் இல்லீங்க!"ன்னு கத்துனேன். உதடு மூடிக்கிச்சி. "புளிச்சதா புதுசா"ன்னு நானே கேட்டு அளந்து குடுத்தேன்.

இழப்பு இன்னான்னு கேட்டு பேப்பர்ல இருந்து ஒருத்தரும் வரல. நானே சொல்லிடறேன். யாராவது ஒருத்தர் மறக்காம இருக்கட்டும். செருப்பு ஒண்ணு. நாற்காலி ஒண்ணு. ஒரு வரி தமிழ் எழுத்து. அண்ணன் வீட்டு உறவு. எதிர் வீட்டுக்காரங்க மேல எனக்கு இருந்த மரியாதை. என் வீட்டுக்காரரு பேசின பாஷை அஞ்சு. நாலை வியாதி எடுத்துக்கிச்சி. அஞ்சாவதை அந்த நாய்ங்க எடுத்துக்கினு போனானுங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன். அவனுங்கதான் எடுத்தானுங்க. ஆனா அவரு காதுல கடைசியா விழுந்த கட்டளை என்னுது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொன்ன ஒரு பேச்சையும் அந்த மனுசன் கேட்டதில்ல. இதை மட்டும் கேட்டாரு. இன்னும் கேட்டுக்கினே இருக்காரு.