குறைத்த நூறு ஜி.பி.

சாயங்காலம் நாலு மணி... போடிமெட்டு ரோடு. மலையில் பனிமஞ்சு இறங்கி, பைக்கின் முன்சக்கரமே தெரியவில்லை. நம்ம கலீபுல்லாவின் மச்சான் ராஜா முகம்மது தனியாக ஏறிக்கொண்டிருந்தான். போடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கிட்ட வந்து உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை.

அவன் போனது ஒரு ஏலத்தோட்டத்துக்கு, மெஷின் ரிப்பேர் என்று கூப்பிட்டிருந்தார்கள். காய் உலர்த்தும் அறையில் மூன்று வாரத்துக்கு முன் காளீஸ்வரி என்கிற வேலைக்காரப் பெண் வெட்டுப்பட்டுச் செத்திருந்தாள். வெட்டியது சூப்பர்வைசர் முனீஸ்வரன்தான் என்று மலைக்கே தெரியும். ஆனால் சாட்சி? பக்கத்து அறையில், கேமராப் பதிவு சேரும் லினக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றுதான். மறுநாள் போலீஸ் வந்து அதை எடுக்கப்போகிறது.

தோட்டத்து கேட்டில் செத்தவளின் தாய் மொக்கம்மாள் பைக்கை மறித்தாள். “அப்பு, எம் மகளுக்கு அந்தப் படந்தேன் மிச்சம். எப்புடியாச்சும் காப்பாத்திக் குடுத்துரு.”

உள்ளே முனீஸ்வரன் அரிவாளோடு காத்திருந்தான். “அழிச்சா கேள்வி வரும். வேற பகுதிக்கு எடம் பத்தலன்னு இதக் குறைக்கயில தவறிப்போச்சுன்னா எவன் கேப்பான்? வெரசா சோலிய முடி.”

பாவி, விவரமாகத்தான் கேட்டு வைத்திருந்தான். டிஸ்க்கை வயல் மாதிரி வரப்பு கட்டிப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியைக் குறைக்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பதை முதலில் ஒதுக்கிச் சுருக்க வேண்டும். பிறகுதான் வரப்பை நகர்த்த வேண்டும். வரப்பை முதலில் நகர்த்தினால், வெளியே மாட்டியது துண்டாகிவிடும்.

“மாட்டேண்ணே” என்றான் ராஜா முகம்மது. அரிவாளின் பின்பக்கத்தால் வாயில் ஒரு போடு. இரண்டு பல் கீபோர்டில் வந்து விழுந்தன. அதற்கப்புறம் எந்த வீரம் நிற்கும்? வரப்பை முதலில் நகர்த்தி, நானூறு ஜி.பி.யை முந்நூறு ஆக்கும்படி மெஷினில் அடித்தான். உள்ளே இருப்பது அழியலாம், சம்மதமா என்று மெஷின் கேட்டது. ரத்தம் சொட்டும் விரலால், ஆம் என்பதற்கு ‘ஒய்’ தட்டினான்.

சதக்...

சத்தம் பக்கத்தில், காய் உலர்த்தும் அறையில். ஏலக்காய் மணத்தை அமுக்கிக்கொண்டு பச்சை ரத்த வாடை அடித்தது. கேமராத் திரையில் காளீஸ்வரி நின்றாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தரத்தில்... சேலை நுனி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னுங் குறைடா!” என்று முனீஸ்வரன் அவன் தலையை மேஜையில் மோதினான். திரையை அவன் பார்க்கவே இல்லை.

ராஜா முகம்மதுவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. குறைத்ததை உடனே பழைய அளவுக்குக் கூட்டினால், போனது திரும்பக் கிடைக்கலாம். நூறு கூட்டு என்று அடித்தான். எங்கேயிருந்து எடுக்கப்போகிறேன் என்று மெஷின் சொல்வதில்லை.

முனீஸ்வரன் அலறினான். அப்பப்பா, என்ன அலறல்... திரும்பினால், தரையில் கிடக்கிறான். முழங்காலுக்குக் கீழே இரண்டும் இல்லை. ரத்தம் பீய்ச்சிச் சாக்கு மூட்டைகளில் அடிக்கிறது. திரையில் காளீஸ்வரி இப்போது தரையில் ஊன்றி நின்றாள். சேலைக்குக் கீழே... முனீஸ்வரனின் ரப்பர் பூட்ஸ்.

போலீஸ் வந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. கால்களைத் தோட்டம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. படம் மட்டும் ஒரு நொடி குறையாமல் இருந்தது. மொக்கம்மாள் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டாள். நாங்களும் நியாயம் ஜெயித்தது என்றுதான் பேசிக்கொண்டோம்.

ஆனால் ‘ஒய்’ தட்டிய விரல் ராஜா முகம்மதுவுடையதல்லவா? போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவனும் கலீபுல்லாவும் தோளோடு தோள் சேர்த்துத் தொழுகைக்கு நின்றார்கள். எப்போதும் கலீபுல்லாவைவிட மச்சான் அரையடி உயரம். அன்றைக்கு அவன் தோள்... கலீபுல்லாவின் முழங்கையில் இடித்தது.