வகுபடாத ஆயிரத்து ஒன்பது மரம்

கூலாய் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. பேச்சில் யாழ்ப்பாணத்துக்காரர். அவரோடு அந்தத் தோட்டத்துக் கங்காணி.

“ஆயிரத்து ஒன்பது எதுக்கும் மசியாது, கங்காணி,” என்றார் கிராணி.

“என்னங்க அது?”

“மேட்டுக்காட்டு மரம். பால் வெட்ட எத்தனை ஆளெண்டாலும் போடு, எல்லாருக்கும் மரம் சமனா இருக்கோணும் எண்டு துரை சொல்லிப்போட்டார். ரெண்டில இருந்து முப்பத்தொண்டு வரைக்கும் வகுத்துப் பாத்திட்டன். எல்லாத்திலயும் மிச்சம் விழுது.”

“அதுக்கு மேல பாக்கலியா?”

“தேவையில்லை. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால பெருக்கினாலே அதைத் தாண்டிடும். ஏலாது எண்டு சொல்லத்தான் ஜோகூர் பாருவுக்குத் துரையிட்டப் போறன். என்ர வேலை போகும்.”

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“முனியாண்டி மரத்தையும் எண்ணிட்டீங்களா, ஐயா?”

“அது எது?”

“செவப்புத் துணி கட்டியிருக்குமே. அதுல எவனும் கத்தி வைக்க மாட்டான்.”

கிராணி பென்சிலை எடுத்து உள்ளங்கையில் எழுதினார்.

“அப்ப ஆயிரத்து எட்டு. மூண்டு பேர். ஆளுக்கு முந்நூற்று முப்பத்தாறு. மிச்சமில்லை.”

“தொர கேட்டா, முனியாண்டி கணக்குப் போட்டுக் குடுத்தாருன்னு சொல்லுங்க.”

இருவரும் வரிசையை விட்டு விலகித் தோட்டத்துப் பக்கம் நடந்தார்கள். நான் முன்னால் நகர்ந்தேன்.