வெள்ளைப் பெட்டிக் கட்சி

இல்ல தம்பி, அந்தக் கறுப்புப் பெட்டிய உள்ள வைங்க. எனக்கு அலமாரில நிக்குதே, அந்த வெள்ளைப் பெட்டிதான். நாலு வாட்டி வந்துட்டேனா? அஞ்சு. நீங்க சாப்பிடப் போயிருந்த அன்னிக்கு ஒரு தடவ வந்து, உங்க முதலாளிய ஒரு மணி நேரம் விடாம கேள்வி கேட்டுட்டுப் போனேன். அதுலேர்ந்துதான் என்னைப் பாத்தாலே உள் ரூமுக்குள்ள போயிடறார்.

ஞாயித்துக்கிழமை ஒருத்தர் முன்னாடி போய் நிக்கணும் தம்பி. இந்தப் பெட்டில வர்ற கிராஃபிக்ஸ் கார்டுனா கரைச்சுக் குடிச்சவர். அவர் கறுப்புப் பெட்டிக் கட்சி, நான் வெள்ளைப் பெட்டிக் கட்சி. எட்டு மாசமா சண்டை. அங்க போய் நான் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது பாருங்க. நான் சொல்லிக்கிட்டே வரேன், தப்புனா நிறுத்துங்க.

மெமரி கறுப்புல பதினாறு ஜிபி, வெள்ளைல பன்னெண்டு. சரியா? உள்ள கணக்குப் போடற கோர் இருக்கே, அது கறுப்புல நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு, வெள்ளைல மூவாயிரத்து ஐந்நூத்து எம்பத்துநாலு. ரெண்டுக்கும் வேகம் ரெண்டரை கிகாஹெர்ட்ஸ். கோரை ரெண்டால பெருக்கி, அதை இந்த ரெண்டரையால பெருக்கினா நொடிக்கு எவ்வளவு கணக்குப் போடும்னு வந்துடும், கறுப்பு இருபதரை டெராஃப்ளாப்ஸ், வெள்ளை பதினெட்டுக்கு ஒரு நூல் கம்மி. அட, தாள் எதுக்கு? எல்லாம் மனப்பாடம். எங்க வீட்டுக்காரர் போன் நம்பர் கேளுங்க, அது தெரியாது.

அப்ப கறுப்புதானே ஒசத்தினு கேளுங்களேன். ஆங்! அங்கதான் முக்காலி வழுக்கி விழுவார். முக்காலியா? அவர் பேரு. கார்டு வாங்கறவங்க எல்லாம் கூடி அடிச்சுக்கற ஒரு இணையதளம் இருக்கு, அதுல வெச்சுக்கிட்ட பேரு. நான் அதுல கிழட்டுச் சிங்கம். சிரிக்காதீங்க. பொம்பளைனு தெரிஞ்சா எல்லாரும் பாடம் எடுக்க வந்துடறாங்க. கிழட்டுச் சிங்கம்னா, வணக்கம் ஐயானு ஆரம்பிக்கறாங்க. முக்காலியும் ஐயானுதான் கூப்பிடறார், நான் அவர தம்பிம்பேன். ரிட்டயரான இன்ஜினியர்னு அவருக்கு நெனப்பு. நான் ஒண்ணும் பொய் சொல்லல. மூட்டு வலினு ரெண்டு தடவ எழுதினேன், அவ்வளவுதான்.

நான் பல் டாக்டர் கிளினிக்ல இருக்கேன். வர்றவங்களுக்கு டோக்கன் குடுத்துப் பேர் கூப்பிடற வேலை. உள்ள ஒருத்தர் பல்லுல கொய்ங்னு மெஷின் ஓடிக்கிட்டிருக்கும், நான் மேஜைக்குக் கீழ போன வெச்சுக்கிட்டு முக்காலியோட மல்லுக்கட்டிக்கிட்டிருப்பேன். அவருக்குப் பதினாறு ஜிபினு ஒரே பீத்தல். ஒருநாள் எழுதினேன். தம்பி, காத்திருக்கற ரூம்ல பதினாறு நாற்காலி போட்டுட்டீங்க, சந்தோஷம், ஆனா டாக்டர் ரூமுக்குப் போற கதவு ஒரு ஆள் அகலம்னா நாற்காலி என்ன பண்ணும்? கறுப்புக்குக் கதவு நூத்தி இருபத்தெட்டு பிட், நொடிக்கு எரநூத்தி எம்பத்தெட்டு ஜிபிக்கு மேல நுழையாது. வெள்ளைக்கு நூத்தித் தொண்ணூத்திரண்டு பிட், நானூத்தி எம்பது ஜிபி. எங்க பக்கம் பன்னெண்டு பேர்தான், ஆனா மடமடனு உள்ள போறாங்கனு எழுதினேன். அஞ்சாவது நிமிஷமே வந்து, ஐயா பல் டாக்டரானு கேட்டார். இல்ல தம்பி, பல்வலிக்காரன்னு சமாளிச்சேன்.

தெரியும் தெரியும், இதெல்லாம் ஏட்டுல வர்ற வேகம்தான். என்ன வேலை குடுக்கறோமோ அதப் பொறுத்து மாறும். உங்க முதலாளியும் இதையேதான் சொல்லிட்டு எழுந்து ஓடினார்.

எனக்கு எப்படி இந்தப் பைத்தியம் புடிச்சுதா? அது ஒரு கூத்து. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. பக்கத்துத் தகட்டக் கழட்டியே வெச்சிருப்பாங்க, உள்ள ஒரே தூசி. நான் ஈரத்துணிய நல்லாப் பிழிஞ்சு காத்தாடி, கார்டு எல்லாத்தையும் தொடச்சு எடுத்தேன். பளபளனு ஆயிடுச்சு. சுவிட்சப் போட்டேன், டப்புனுச்சு. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க தம்பி, இப்ப எனக்குத் தெரியும், அப்பத் தெரியாது. அதோட சொந்தக்காரர் கட்டட வரைபடம் போடறவர். இருந்த வேலை போயி, மறுநாள் புது வேலைக்காக ஒரு எடத்துல வரைபடத்த ஓட்டிக் காட்டணும்னு ராப்பகலா உக்காந்திருந்தவர். கத்தினார். நியாயம்தானே? நான் வாய மூடியிருக்கலாம். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கத்தலா, பெரிய சம்பாத்தியக்காரர் மாதிரினு கேட்டுட்டேன். வேலையில்லாத மனுஷன்கிட்ட. இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு என் நாக்கு மேலயே வெறுப்பா வருது. அன்னிக்கே மூட்டை கட்டிக்கிட்டுப் போனவர்தான். அப்படி என்னத்தத்தான் நாம ஒடச்சோம்னு படிச்சுப் பாக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, அடிப்பாவினு ஆயிடுச்சு.

சரி, ஞாயித்துக்கிழமை விஷயத்துக்கு வரேன். ஐயா, பேச்சுலயே எட்டு மாசம் ஓட்டிட்டோம், காலைல பத்து மணிக்கு எங்க ஆபீஸுக்கு உங்க கார்டோட வாங்க, ஒரே மெஷின்ல ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்துடலாம்னு முக்காலி எழுதியிருக்கார்.

அய்யோ, பில் போடாதீங்க! எனக்குக் கார்டு வேணாம். பெட்டி மட்டும் போதும். அலமாரில அழகுக்கு வெச்சிருக்கீங்களே, உள்ள ஒண்ணுமில்லாதது, அதத்தான் அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். கார்ட வெச்சு நான் என்ன பண்ண? வீட்டுல கம்ப்யூட்டரே கெடையாது. இருந்த ஒண்ணையும் அண்ணன் தூக்கிட்டுப் போயிட்டார்.

ஆமா, முக்காலி எங்க அண்ணன்தான். ஸ்கூல் படிக்கறப்ப கால ஒடச்சுக்கிட்டு ஒரு கோல ஊனி நடந்தார், அப்ப நான் வெச்ச பேரு. வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. அந்தப் பேர அங்க பாத்ததும் கிளினிக்குல எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன். பல்வலினு நெனச்சு டாக்டர் வாயத் தொறக்கச் சொல்லிட்டார். ரெண்டு வருஷமா நான் போன் பண்ணா எடுக்கல தம்பி. கிழட்டுச் சிங்கம் கேட்டா மட்டும் அஞ்சு நிமிஷத்துல பதில். பேசணுமே, அதுக்காகத்தான் நான் வெள்ளைக் கட்சி ஆனேன். ரெண்டு பேரும் கறுப்புனா பேச என்ன இருக்கு?

நேர்ல போனா தொரத்திடுவாரா? நானும் அப்படித்தான் நடுங்கிக்கிட்டிருந்தேன், நேத்து மத்தியானம் வரைக்கும். அப்பறம் ஆபீஸ் விலாசம் அனுப்பினார். அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு, நீங்களே படிங்க.

ஐயா, வரும்போது ஈரத்துணி மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க.

தொடச்ச கதைய நான் அங்க ஒரு எழுத்து எழுதினதில்ல தம்பி. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்.

அட, என்னத்துக்கு உங்களுக்குக் கண்ணு கலங்குது? பெட்டிய எடுங்க. வெறுங்கையோட போய் நின்னா கிழட்டுச் சிங்கத்துக்கு என்ன மரியாதை? ஆமா, மேல கொஞ்சம் தூசியாத்தான் இருக்கு. ஐயையோ, துணியெல்லாம் வேணாம் தம்பி, நான் ஊதிக்கறேன்.