புது டயர் பின்னாடிதான்

டயர் மாத்த வர்றவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் டயரைப் பார்க்கவே மாட்டாங்க இன்ஸ்பெக்டர் சார். ரிம்மு பளபளன்னு இருக்கான்னுதான் பார்ப்பாங்க. ரோட்டைத் தொடுறது டயர் மட்டும்தான், அதுவும் சக்கரத்துக்கு ஒரு உள்ளங்கை அகலம்தான்னு சொன்னா, "அப்படியா"ன்னு கேட்டுட்டு மறுபடி ரிம்மைத்தான் பார்ப்பாங்க. இருபத்தாறு வருஷமா இந்தக் கடையில இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சு போச்சு.

எங்க மாப்பிள்ளை அப்படி இல்ல, அதை ஒத்துக்கணும். செத்தவரைப் பத்தி இல்லாததைச் சொல்லக் கூடாது. டயரைத் தடவிப் பார்க்கத் தெரிஞ்ச ஆளு. அவரோடது சின்ன ஸ்போர்ட்ஸ் கார், டர்போ வச்சது. மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும். அதை லீவு நாளைக்கு மட்டும் எடுக்குற வண்டியா வச்சுக்காம, தினமும் ஆபீசுக்கு அதுலதான் போவாரு. காலைல என் பொண்ணையும் ஏத்திக்கிட்டு, மேம்பாலம் ஏறி இறங்கி, அவ வேலை பார்க்குற பல் ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுப் போவாரு. அந்தப் பாலத்து இறக்கத்துல ஒரு வளைவு இருக்கு. நீங்க போட்டோ எடுத்தீங்களே, அதேதான்.

டயர்ல ஏதாவது குறையான்னு கேக்குறீங்க. தாராளமா லேபுக்கு அனுப்புங்க. ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம். மூணு வகை எடுத்து அவர் முன்னாடி வச்சேன். ஒண்ணு கெட்டி ரப்பர், வருஷக்கணக்கா உழைக்கும், ஆனா ஈரத்துல பிடிக்காது. இன்னொண்ணு நடுத்தரம், எல்லாத்துக்கும் ஒத்துவரும். மூணாவது மெத்து ரப்பர், சீக்கிரம் தேயும், ஆனா கொட்டுற மழையிலயும் ரோட்டை விடாது. தினமும் ஓட்டுறவருக்கு நடுத்தரம் போதும். ஆனா அவரு வீடியோ எல்லாம் பார்த்து முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருந்தாரு. மூணாவதுதான் வேணும்னாரு. கடையில இருந்ததிலேயே உசத்தியானதைத்தான் என் கையால மாட்டி விட்டேன்.

ரெண்டு மட்டும். அந்த வண்டில இழுக்குறது, திருப்புறது, பெரும்பாலும் நிறுத்துறது எல்லாமே முன்சக்கரம்தான், அதனால முன்னாடிதான் தேயும். பின்னாடி ரெண்டுலயும் பட்டன், அதான் ரப்பர் மேல வெட்டின பள்ளம், இன்னும் இருந்துச்சு. ஆனா அஞ்சு வருஷத்து ரப்பர். நகத்தால அழுத்திப் பார்த்தேன், இறங்கல, அவ்வளவு இறுகிப் போயிருந்துச்சு.

"மாமா, புதுசு ரெண்டையும் முன்னாடியே போட்டுடுங்க. பவர் அங்கதானே"ன்னாரு.

"சரி மாப்பிள்ள"ன்னேன்.

அவ்வளவுதான் சார் நடந்தது. வாடிக்கையாளர் கேட்டாரு, கடைக்காரன் செஞ்சான். இதுக்கு எந்தச் சட்டத்துல என்ன தண்டனைன்னு நீங்கதான் சொல்லணும்.

தெரியுமா தெரியாதான்னு சுத்தி வளைச்சுக் கேக்காதீங்க. தெரியும். புது டயர் ரெண்டுதான்னா அது பின்னாடிதான் போகணும், பின்னாடி இருக்குறது முன்னாடி வரணும். எந்த வண்டியா இருந்தாலும் சரி. முன்னாடி வழுக்கினா வண்டி நேரா போகும், ஸ்டியரிங்லயே கைக்குத் தெரியும், ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா அடங்கிடும். பின்னாடி வழுக்கினா சுத்திடும். அதுலயும் முன்னாடி ரொம்ப நல்ல டயரா இருந்தா, ஓட்டுறவனுக்கு ரோடு ஈரம்ங்கறதே மறந்துடும். நிறைய பேர் பண்ற தப்புதான் இது, மாப்பிள்ளை மட்டும் இல்ல. மத்தவங்ககிட்ட நான் சண்டை போட்டாவது மாத்தி மாட்டுவேன்.

இவருகிட்ட ஏன் சொல்லலன்னா, என்னைச் சொல்ல விட்டாங்களா? என் சம்சாரத்தைக் கேளுங்க. "மாப்பிள்ளைகிட்ட எல்லாத்துக்கும் கிளாஸ் எடுக்காதீங்க, கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க"ன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் காதைத் தின்னுட்டா. சரி, சும்மா இருந்தேன். பேசினாலும் குத்தம், பேசலன்னாலும் குத்தம்னா மனுஷன் என்னதான் பண்ணுவான்?

இன்னொண்ணும் உங்க காதுக்கு வந்திருக்கும், அவரு ஆபீஸ் ஆளுங்களுக்கு வீட்டுல வச்ச விருந்து. அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கவே இல்ல. ஒருத்தர் என்கிட்ட என்ன டயர் போடலாம்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மாப்பிள்ளை என் தோள்ல கை போட்டு, "மாமாவைக் கேட்டா உங்களுக்கு மாட்டு வண்டிச் சக்கரம் மாட்டி விட்டுடுவாரு"ன்னாரு. கையில ஆரஞ்சு ஜூஸ். நீலச் சட்டை, மேல் பட்டன் போடல. எட்டுப் பேர் சிரிச்சாங்க. அதுல ஒருத்தி என் பொண்ணு. அவ கொஞ்சம் லேட்டாத்தான் சிரிச்சா, ஆனா சிரிச்சா. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் செஞ்சது அவளுக்காக. "அப்பா, அவரு அந்த வளைவுல ரொம்ப வேகமா இறங்குறாரு, எனக்குப் பயமா இருக்கு, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்"னு அவதான் வந்து நின்னா. நான் சொல்லி அவரு கேட்டுடுவாரா? ரோடு சொன்னா கேப்பாரு. வண்டியோட பின்பக்கம் ஒரு தடவை லேசா ஆடினா, அப்புறம் ஒழுங்கா ஓட்டுவாரு. எந்தத் தகப்பனும் இப்படித்தான் யோசிப்பான்.

வழக்கமா டயர் மாத்தின வண்டியை நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சாவி கொடுப்பேன். அன்னைக்கு ஓட்டல. ஓட்டியிருந்தா எனக்கே மனசு கேட்டிருக்காது.

சுவத்துல அந்த இடம் ஏன் வெளுத்திருக்குன்னு முந்தாநாள்லேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கீங்க. அங்க ஒரு போர்டு இருந்துச்சு. என் பொண்ணு பன்னெண்டு வயசுல சிவப்புப் பெயின்டுல எழுதினது. "புது டயர் பின்னாடிதான். கேள்வி கேக்காதீங்க. எங்க அப்பாவுக்குத் தெரியும்." பேலன்சிங் மிஷினுக்கு மேல, உள்ள வர்ற யார் கண்ணுலயும் படுற மாதிரி மாட்டியிருந்தேன். மாப்பிள்ளை அதுவரைக்கும் கடைக்குள்ள காலெடுத்து வச்சதே இல்ல. வாசல்ல ஹாரன் அடிச்சு அவளை இறக்கிவிடுறதோட சரி. அவரு டயருக்கு வர்றேன்னு போன் பண்ணின அன்னைக்குத்தான் போர்டைக் கழட்டி, பழைய டயர் அடுக்குக்குப் பின்னாடி திருப்பி வச்சேன். இருந்தா படிச்சிருப்பாரு. படிச்சா கேட்டிருப்பாரு. கேட்டா நான் உண்மையைத்தான் சொல்லணும். தொழில்ல நான் பொய் சொன்னது கிடையாது சார்.

அப்புறம் மூணு நாள் வெயில். நாலாம் நாள் காலைல நல்ல மழை. ஏழு மணிக்குப் பொண்ணுக்குப் போன் போட்டேன். "அம்மாவுக்கு உடம்பு முடியலம்மா, இன்னைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு பஸ்ல இங்க வந்துடு"ன்னேன். மாப்பிள்ளை கொண்டுவந்து விடுறேன்னாராம். வேண்டாம், அவரு ஆபீசுக்கு லேட்டாகும்னு சொல்லிட்டேன். அவ நனைஞ்சு ஓடி வந்து பார்த்தா, அவ அம்மா நல்லா குத்துக்கல்லு மாதிரி உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருக்கா. ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒன்பதரைக்குப் பெரியாஸ்பத்திரியிலேர்ந்து அவளுக்குப் போன் வந்துச்சு. அந்த வளைவுல வண்டி ரெண்டு சுத்து சுத்தி, டிரைவர் பக்கமா தூண்ல மோதியிருக்கு. அவ அழல. போனை மெதுவா வச்சுட்டு, "அம்மாவுக்கு முடியலன்னு ஏன்பா சொன்னீங்க"ன்னு மட்டும் கேட்டா. நீங்களே சொல்லுங்க, மழைநாள்ல பெத்த பொண்ணை அந்த வண்டில ஏற விடுவேனா? நான் என்ன ராட்சசனா?

ஆமா, நான்தான் செஞ்சேன். வேகம் குறையட்டும்னு செய்யல, சாகட்டும்னுதான் செஞ்சேன், போதுமா? அப்படியே எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா கூடவே இன்னொண்ணும் எழுதணும். மாட்டு வண்டிச் சக்கரம்னு அன்னைக்கு அத்தனை பேர் சிரிச்சாங்களே, இப்ப யாரு சொன்னது சரியா போச்சு? வீடியோவா, நானா?

மத்தவங்களை விடுங்க, என் பொண்ணுக்குப் புரிஞ்சிடுச்சு. காரியமெல்லாம் முடிஞ்சு நேத்து கடைக்கு வந்தா. வெறும் சுவத்தைப் பார்த்தா. நேரா அந்த டயர் அடுக்குக்குப் பின்னாடி போய், போர்டை எடுத்து, முந்தானையால தூசியைத் தொடச்சு, ஒரு தடவை படிச்சா. அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வெளிய போனா. என்னை ஒரு வார்த்தை கேக்கல, சொல்லல. நான் செஞ்சது தப்புன்னா வாயைத் திறந்து சொல்லியிருப்பால்ல சார்?