வாசலில் வைத்த வெல்டு

கப்பலூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவள் பட்டறைச் சீருடையில் இருந்தாள். மூத்தவள் மடியில் சாப்பாட்டுக் கூடை.

"எனக்குக் கோலம் வரும்னு மொதலாளி மொத நாளே கண்டுபிடிச்சிட்டாருக்கா," என்றாள் சீருடைக்காரி. "வெல்டிங் வரும்னுதான் அவருக்கு இன்னும் தெரியல."

"ஐடிஐ-ல அதத்தானடி படிச்ச?"

"ஆமா. மெஷின் பக்கம் போனா பொம்பளப் புள்ளைக்குக் கண்ணு கெட்டுப்போகுமாம். அம்புட்டுப் பாசம்! பயலுகளுக்கு டீ வாங்கியாரணும், வெள்ளிக்கெழம சாயங்காலப் பூசைக்கு வாசல்ல கோலம் போடணும். இதான் வெல்டர் வேலை."

"இன்னைக்கும் போட்டியா?"

"போடாம? பயலுக சாப்பிடப் போனப்ப, வாசல்ல கெடக்குற இரும்புத் தகட்டுல வெல்டிங்லயே போட்டுட்டேன்."

"அடிப்பாவி! அவரு என்ன சொன்னாரு?"

"குனிஞ்சு தடவிப் பாத்தாரு. 'எந்தப் பய வச்ச வெல்டு இது, இம்புட்டுச் சீரா இருக்கு?'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"'நாளையில இருந்து அந்தப் பயகிட்ட மெஷினக் குடுங்கண்ணே. இந்தக் கோலம் அழியாது. வாசலுக்கு இனி ஆளு வேணாம்'னேன்."