பாதி காலியாக இருக்க வேண்டும்

பேட்டரி முழுசாக நிறைந்திருப்பது தப்பு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, சார். கைபேசி வைத்திருக்கிற எல்லோருக்கும் நூறு என்ற எண் மேல் ஒரு பிரியம்.

எங்கள் காற்றாலைப் பண்ணையில் பேட்டரியைப் பாதியில்தான் வைக்க வேண்டும். எங்கோ ஒரு கிளை முறிந்து கம்பியில் விழும். லைனில் மின்னழுத்தம் சட்டென்று படுத்துவிடும். காற்றுக்கு அது தெரியாது. இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கும், உண்டாகும் மின்சாரம் போக வழியில்லாமல் முட்டும், இயந்திரம் தறிகெட்டு ஓடப் பார்க்கும். அந்த ஒரு நொடி, மிஞ்சுவதைப் பேட்டரி வாங்கிக்கொண்டால் போதும், எல்லாம் நிலைத்து நிற்கும். வாங்க அதில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள வரிசையாக நின்றுவிடும். ஊர் முழுக்க மின்சாரம் போய்விடும். "திடீர்னு விருந்தாளி வந்தா உட்கார இடம் வேணாமா?" என்று நான் சொல்லிச் சொல்லி, என் பெயரே அலுவலகத்தில் அரைவயிறு என்றாகிவிட்டது.

அதனால் அந்த அளவை நூறுக்கு மாற்றியது நீங்கள் பிடித்து வைத்திருக்கிற அடுத்த ஷிப்டுக்காரராக இருக்க முடியாது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாற்றியது நான்தான்.

என் மனைவிக்கு நுரையீரல் கெட்டு ஆறு வருஷம். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம், ஓயாத இரைச்சல். குளிப்பாட்டுவேன், தலை வாருவேன், பிறகு வேலைக்குக் கிளம்புவேன். பகலில் அவள் தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். "அத்தான், உங்களுக்குச் சிலையே வைக்கணும்" என்பாள். "வை, சும்மா நிக்கலாமில்ல" என்பேன். மூவரும் சிரிப்போம். மனைவி சிரித்தால் இருமல் வரும். நிற்க அரைமணி ஆகும். அவள் படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இயந்திரத்தை என் கையால் நிறுத்த மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் வற்றியிருந்தது, ஊற்றவில்லை. வேலையிடத்தில் பேட்டரியின் அளவை நூறுக்கு ஏற்றினேன். பலகையில் பச்சையாக நூறு தெரிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மீதியைக் காற்றிடம் விட்டுவிட்டேன். பத்தொன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை.

இருபதாம் நாள் மதியம் மூன்று மணிக்கு லைனில் பழுது. திரையில் இருபத்திரண்டு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பானதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்தியாள் போன் செய்தாள். "அத்தான், கரண்ட் போயிடுச்சு. இன்வெர்ட்டர் கீச்சுகீச்சுன்னு கத்திட்டு நின்னுடுச்சு. லிஃப்டும் ஓடல, நாலு மாடி எப்படித் தூக்குவேன்? அக்கா உங்களைத்தான் கேக்கறா."

"இதோ வந்துடும்" என்றேன். மின்சாரத்தைத்தான் சொன்னேன்.

அவசரமாகக் கிளப்பியிருந்தால் இருபது நிமிஷத்தில் முடித்திருக்கலாம். விதிப்படி ஒவ்வொரு இயந்திரத்தையும் சோதித்துத்தான் கிளப்பினேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அன்று ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் கிளம்பத் தாமதமாகி இன்னும் இரண்டு பேர் போனதாகச் சொல்கிறீர்கள். அவர்களை எனக்குத் தெரியாது. வருத்தம்தான்.

அவள் என்னிடம் கேட்டாளா என்கிறீர்கள். வாய்விட்டுக் கேட்கவில்லை. அன்று காலை தலை வாரும்போது, "கண்ணாடி மாத்தணுங்க, எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்தவன் நான். அவள் விடைபெறுகிறாள் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, சார்.